இடக்கைச் சுருள்

எங்கள் துறைத்தலைவர் புரதத்தைப் பற்றி இருபது வருடம் பாடம் நடத்தினார். அந்த இருபது வருடத்தில் அவரும் புரதமும் ஒருமுறைகூட நேருக்கு நேர் சந்தித்ததில்லை. ஆய்வகத்துக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. அமில வாடை அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். சோதனைக்குழாய் கழுவி வைப்பது, கரைசல் தயாரிப்பது, மாணவிகளுக்குச் செய்முறை காட்டுவது எல்லாம் என் வேலை. தற்காலிகப் பணி. ஒவ்வொரு ஜூன் மாதமும் தலைவர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் ஓடும். எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு அந்தக் கையெழுத்தைவிடப் பெரிய விஞ்ஞானம் அப்போது எதுவும் தெரியாது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. தாள் மஞ்சளாகி ஓரமெல்லாம் பொடிந்துபோன நோட்டு. அதைப் பார்த்து டிக்டேட் செய்வார். முதல் வரி எப்போதும் இதுதான்: "புரதங்கள் உயிரின் செங்கற்கள்." மாணவிகள் அதை எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொள்வார்கள். நானும் வேறு கல்லூரியில் படித்த காலத்தில் அதே மாதிரி வரிக்குக் கோடு போட்டவள்தான். ஆய்வகத்தில் நின்று வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

செங்கல் என்ன வேலை செய்யும்? வைத்த இடத்தில் கிடக்கும். எங்கள் தலைவரைப்போல. புரதம் அப்படியா கிடக்கிறது? ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நுரையீரலில் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டுபோய்க் கால் விரலில் இறக்கிவிட்டு வருகிறது. வயிற்றில் இருக்கும் நொதி தின்ற கறியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. தசையில் ஒரு புரத இழை இன்னொன்றின்மேல் வழுக்கிப் போவதால்தான் நாம் கையைத் தூக்குகிறோம். இத்தனையும் செய்வது இருபது வகை அமினோ அமிலங்களை மணிபோலக் கோத்த ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி தனக்கென்று உள்ள ஒரு வடிவத்தில் சுருண்டு மடங்கி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வேலை நடக்கும். வடிவம் கலைந்தால் அதே மணிகள், அதே கோவை, ஆனால் ஒன்றுக்கும் ஆகாது.

இதைக் காட்டத்தான் முட்டை வாங்குவோம். வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் தண்ணீர் மாதிரி இருந்தது வெளுத்துக் கட்டியாகும். உள்ளே சங்கிலிகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதுதான் அந்தக் கட்டி. ஆற வைத்தாலும் பழையபடி திரும்பாது. மாணவிகள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அட்டெண்டர் மஞ்சள் கருக்களையெல்லாம் ஒரு தூக்குவாளியில் சேகரித்து மூடுவார். அது தலைவர் வீட்டுக்குப் போகும். எங்கள் துறையில் விஞ்ஞானத்தால் உருப்படியாகப் பலன் அடைந்தது அந்த வீட்டுச் சட்டி ஒன்றுதான்.

ஒரு வருடம் கல்லூரியில் பெரிய கண்காட்சி வைத்தார்கள். வடக்கே ஏதோ பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் ஒரு விஞ்ஞானி திறந்துவைக்க வருகிறார் என்று தெரிந்ததும் தலைவருக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு ஒரு புரத மாடல் செய்யப்போவதாக அறிவித்தார். புரதச் சங்கிலி பல இடங்களில் ஒரு ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். ஆல்பா ஹெலிக்ஸ் என்று பெயர். அதைக் கம்பியில் சுற்றி, கலர் பந்துகளை ஒட்டி நிறுத்த வேண்டும்.

படத்தை அவரே வரைந்தார். வரைந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. பாடப்புத்தகத்துப் படத்தின்மேல் பட்டர் பேப்பரை வைத்துப் பென்சிலால் எடுத்தார். பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வெள்ளை அட்டையில் வைத்துப் பின்பக்கம் தேய்த்தார். பென்சில் கோடு அட்டையில் பதிந்தது. அதன்மேல் மை இழுத்துத் தன் கையெழுத்தையும் போட்டார். கவிழ்த்து எடுத்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறிவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. என் முதல் வகுப்பின் லட்சணம் அது.

அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். பஸ், லாரிகளுக்கு ஸ்பிரிங் சுற்றுகிற இடம். பட்டறைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாயைத் திறந்தால் மதுரையில் தன்னைத் தவிர ஒருவனுக்கும் வேலை தெரியாது என்பார். எதிர்ப் பட்டறைக்காரன் கம்பியைத் திருடுகிறான், டிரைவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இன்ஜினியர்களுக்கு போல்ட்டில் சுற்றி ஓடுகிற மரை என்றால் என்னவென்றே தெரியாது. பத்து நிமிடம் இதைக் கேட்ட பிறகுதான் அட்டையை விரிக்க முடிந்தது.

பார்த்ததும் கேட்டார். "இது இடக்கைச் சுத்தால்ல இருக்கு. எதுல மாட்டப் போறீக டீச்சர்?"

"எதுலயும் மாட்டல. காலேஜுல காட்சிக்கு வைக்க."

"காட்சிக்குன்னா எப்படி வேணா இருக்கலாமாக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. எந்தப் பக்கம் சுற்றினால் என்ன, திருப்பி வைத்தால் மாறிவிடப் போகிறது என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கீழே கிடந்த ஒரு ஸ்பிரிங்கை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"இது வலக்கைச் சுத்து. இந்தா, தலைகீழாத் திருப்புறேன். மாறுச்சா? நல்லாப் பாருங்க. படுக்க வைங்க, நிக்க வைங்க, தூக்கி வானத்துல எறிங்க. வலக்கை வலக்கைதேன். சைக்கிள்ல இடது பெடலுக்கு மட்டும் இடது மரை போட்டிருப்பான், தெரியுமா? அத வலது பக்கம் மாட்டிப் பாருங்களேன். ஏறவே ஏறாது."

நான் ஸ்பிரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாறவில்லை. ஒரு பட்டதாரி நடுச்சந்தில் நின்று ஸ்பிரிங்கைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பட்டறை வேலையாட்கள் சிரித்தார்கள்.

"இன்னிக்குச் சுத்த வேணாம். நான் கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லி அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன்.

புத்தகத்தில் தெளிவாக இருந்தது. புரதத்தில் இருக்கும் ஆல்பா ஹெலிக்ஸ் வலக்கைச் சுருள். ஏன் என்றும் போட்டிருந்தது. உயிருள்ளவற்றின் புரதங்களில் இருக்கும் அமினோ அமிலங்கள் ஒரே கைப்பக்கத்து வகை. வலது செருப்பும் இடது செருப்பும் ஒரே தோலில் ஒரே அளவில் இருந்தாலும் ஒன்றல்லவே, அது மாதிரி அமினோ அமிலத்திலும் இரண்டு கை உண்டு. உயிர்கள் இடக்கை வகையை எடுத்துக்கொண்டன. அந்த மணிகளைக் கோத்துச் சுருட்டினால், சங்கிலி வலப்பக்கமாகச் சுருண்டால்தான் நெருக்கடி இல்லாமல் உட்காரும். இடப்பக்கம் சுருட்டினால் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகள் சங்கிலியோடு முட்டிக்கொள்ளும். இதை நான் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் தலைவர் அறைக்குப் போய்ப் புத்தகத்தையும் அட்டையையும் மேஜையில் வைத்தேன். உள்ளே இரண்டு விரிவுரையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், படம் மாறியிருக்கு. இது வலக்கைச் சுருளா இருக்கணும். நாம இடக்கையா வரைஞ்சுட்டோம்."

நாம் என்று சொன்னது பயத்தில். அவர் புத்தகத்தைத் தொடவில்லை.

"மேலேருந்து பாத்தா இடது, கீழேருந்து பாத்தா வலது. எங்கேருந்து பாக்குறோங்கிறதுதாம்மா விஷயம். நீ கீழேருந்து பாக்குற."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விரிவுரையாளர்கள் இருவரும் சம்பளத்துக்குக் குறைவில்லாமல் சிரித்தார்கள். அவர் எந்தக் கீழேயைச் சொன்னார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். என் விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததைத் தலைவர் முதல் நாளே சத்தமாக வாசித்துக் காட்டியிருந்தார்.

"வரைஞ்சபடி சுத்தச் சொல்லு. போ."

திரும்பவும் ஆரப்பாளையம் போனேன். வரைந்தபடியே சுற்றிக் கொடுங்கள் என்றேன். பட்டறைக்காரர் கம்பியை அளந்துகொண்டே கேட்டார்.

"அப்ப இடக்கைதேன் சரின்னு சொல்லிட்டாகளா?"

"இல்ல. வலக்கைதான் சரி. புத்தகத்துல பாத்தேன்."

"சரின்னு தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சுத்தச் சொல்றீக. படிக்காதவன் செஞ்சா தப்பு, படிச்சவுக செஞ்சா காட்சியா? நல்லாருக்கு டீச்சர் ஒங்க காலேஜு."

அவர் நியாயத்துக்காக அதைச் சொல்லவில்லை. எல்லோரையும் திட்டுகிற வாய் அது, அன்றைக்கு என்மேல் விழுந்தது, அவ்வளவுதான். ஆனாலும் சுட்டது. காலையில் அந்த அறையில் கேட்ட சிரிப்பும் காதில் இருந்தது.

"வலக்கையாவே சுத்துங்க" என்றேன்.

நான்கு நாள் கழித்து ஒரு ட்ரை சைக்கிளில் மாடல் துறை வராந்தாவில் வந்து இறங்கியது. ஐந்தரை அடி உயரம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைவர் வந்தார், சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார். "பிரமாதம், நான் வரைஞ்ச மாதிரியே வந்திருக்கு" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் குழாயைத் திறந்து முகம் கழுவ வேண்டியிருந்தது. இடக்கைக்கும் வலக்கைக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் அல்லவா அவர் கண்டுபிடிப்பார்!

கண்காட்சியில் மாடலுக்குப் பக்கத்தில் அவர் வரைந்த படத்தையும் பெரிதாக்கிப் பலகையில் வரைந்து மாட்டினார்கள். கம்பியில் வலக்கை, பலகையில் இடக்கை. ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டு நாள் கூட்டம் வந்து போனது. வேறு கல்லூரிப் பேராசிரியர்கள் வந்தார்கள், குறிப்பெடுத்தார்கள், தலைகளை ஆட்டினார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. திறப்பு விழாப் பேச்சுகளிலும் மற்ற துறைகளிலும் நாள் போய்விட்டதால் அந்தப் பெரிய விஞ்ஞானி எங்கள் அறைக்கு மூன்றாம் நாள்தான் வந்தார்.

அதே நேரத்தில் பட்டறைக்காரரும் வந்து சேர்ந்தார். தன் வேலையைக் காட்டுவதற்காக மனைவியைப் பட்டுச்சேலையில் கூட்டி வந்திருந்தார். நட்டநடு வெயிலில் அந்தப் பெண் வேர்வையில் நனைந்துபோயிருந்தாள். விஞ்ஞானிக்குத் தலைவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், போர்டுல தப்பா வரைஞ்சிருக்கே. இது இடக்கைல்ல?"

யார் இந்த ஆளை உள்ளே விட்டது என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். விஞ்ஞானிக்குத் தமிழ் தெரியும், பட்டறைக்காரர் சொன்னது புரிந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பலகையைப் பார்த்தார், மாடலைப் பார்த்தார்.

"எது சரி?" என்று தலைவரிடம் கேட்டார்.

தலைவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போர்டுதான் சார் சரி. மாடல்ல இந்தப் பட்டறைக்காரன் மாத்திச் சுத்திட்டான். படிக்காத பயலுக, என்ன செய்யறது?"

மனைவி முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அவர் வாய் மூடியிருந்ததை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

"அவர் மாத்தல சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் வலக்கையாச் சுத்தச் சொன்னேன். புரதத்துல இருக்கிறது வலக்கைச் சுருள்."

தலைவர் பழையபடி மேலேயிருந்து பார்த்தால், கீழேயிருந்து பார்த்தால் என்று ஆரம்பித்தார். விஞ்ஞானியும் நாகரிகத்துக்காகத் தலையாட்டத் தொடங்கினார். அப்போது பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு போல்டை எடுத்து விஞ்ஞானியின் கையில் வைத்தார்.

"நீங்களே திருப்பிப் பாருங்கய்யா. மேலேருந்தும் பாருங்க, கீழேருந்தும் பாருங்க."

விஞ்ஞானி திருப்பினார். திரும்பவும் திருப்பினார். முகத்தில் சிரிப்புக் குறைந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல் சொன்னால் போதும். அவர் போல்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "இன்ட்ரஸ்டிங்" என்றார். பெரிய படிப்பாளிகள் உண்மையைப் பார்த்ததும் தப்பித்து ஓடுகிற கொல்லைப்புறக் கதவு அந்தச் சொல். தலைவர் "டீ ஆறிடும் சார்" என்றார். இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

அன்று சாயங்காலமே மாடலைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள். பலகை அங்கேயே இருந்தது. சரியானதை மறைத்துவிட்டுத் தப்பானதைச் சுவரில் வைத்துக்கொள்ளும் காரியத்தை ஆணி அடிப்பதுபோல அத்தனை சுலபமாகச் செய்தார்கள். ஜூன் மாதம் என் பெயருக்கு எதிரே கையெழுத்து விழவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று அட்டெண்டரிடம் சொல்லி மாடலின் ஸ்பிரிங்கை எடுத்துப் பட்டறைக்கு அனுப்பி வைத்தேன். ஏதோ ஒரு ஞாபகமாக அதை வைத்துக்கொள்வார் என்று என் மனதில் ஒரு அசட்டுக் கற்பனை. பிறகு ஒருநாள் பார்த்தபோது கேட்டேன்.

"அதையா? அன்னிக்கே வெட்டி மூணு லாரிக்குப் போட்டுட்டேன் டீச்சர். நல்ல கம்பி" என்றார்.

ஒரு வருடம் வேலை இல்லாமல் வில்லாபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சேர்ந்தேன். ரத்தம், சிறுநீர், இரண்டும்தான் அங்கே பாடப்புத்தகம். யாரும் டிக்டேட் செய்வதில்லை. குழாயில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும், தப்பாக எழுதினால் ஒரு ஆள் செத்துப்போவான்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் டவுன் பஸ்ஸில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். தலைவர். ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. என்னை அறியாமல் எழுந்து இடம் கொடுத்தேன். அந்தப் பழக்கத்துக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "இது என் ஸ்டூடண்ட்" என்றார். நான் அவரிடம் படித்ததே இல்லை. எங்கே வேலை என்று கேட்டார், சொன்னேன். உடனே பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"யூரின் டெஸ்ட் எடுத்தேன். ஆல்புமின் ரெண்டு பிளஸ்னு போட்டிருக்கான். அப்படின்னா என்னம்மா? நல்லதா, கெட்டதா?"

இருபது வருடம் புரதம் நடத்தியவர். ஆல்புமின் என்ற சொல்லை எத்தனை நூறு பெண்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பார்!

"அது ரத்தத்துல இருக்க வேண்டிய புரதம் சார். தண்ணியை ரத்தக்குழாய்க்குள்ள பிடிச்சு வைக்கிறதே அதுதான். பெரிய மூலக்கூறு, சிறுநீரக வடிகட்டி வழியாப் போகவே கூடாது. உங்களுக்கு வடிகட்டி பழுதாயிருக்கு, அதான் ஒழுகுது. காலு வீங்குதா?"

குனிந்து வேட்டியை விலக்கிக் காட்டினார். கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்தது. மெதுவாகத்தான் நிரம்பியது.

"அப்ப நிறையப் புரதம் சாப்பிட்டா ஈடு கட்டிரலாமா?" என்றார்.

ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற யோசனை. அவர் படிப்பிலிருந்து வேறென்ன யோசனை வரும்? ஆனால் கேட்கும்போது அவர் கண்ணில் பயம் இருந்தது. என்னிடம் அவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

"நீங்களா ஒண்ணும் சாப்பிட வேண்டாம் சார். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. திரும்ப ஒரு தடவை பாத்துட்டு டாக்டர்கிட்ட அனுப்புறேன்."

வந்தார். அதுவும் எப்படி? கழுவாத ஒரு இங்க் பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே இருந்தது நீலமாக இருந்தது. "இதுல என்ன சார் பாக்க முடியும்?" என்று சுத்தமான பாட்டில் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். முனகிக்கொண்டே போய்ப் பிடித்து வந்து வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் என் கண்ணைத் தேடினார், முன்னால் கூப்பிடுவேன் என்று. நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். முறை வந்தபோது, மற்றவர்களைக் கூப்பிடுவதுபோலவே, டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.